ஊதாப் பூவுக்குள் எத்தனை காம்பு

சம்பந்தி முனுசாமியின் இளைய மகன் பிரபு ஜெர்மனியில் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். போய்ப் பார்த்தே தீருவேன் என்று சம்பந்தி நின்றார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். அவருடைய மூத்த மகனுக்குத்தான் என் ஒரே பெண் கலையரசியைக் கொடுத்திருக்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியிடம் முடியாது என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே எழுபத்தொரு வயதில், சர்க்கரை மாத்திரைகளோடு நானும் கிளம்பினேன்.

விசா வந்து சேர்வதற்குள் எலும்பு கூடிவிட்டது. விமான நிலையத்துக்குப் பிரபுவே நடந்து வந்து எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டான். சம்பந்திக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"கட்டோட பாத்து ரெண்டு சொட்டு கண்ணீர் உடலாம்னு வந்தேன். இவன் என்னாடான்னா குதிச்சிகிட்டு வர்றான்" என்றார்.

"வேணும்னா இன்னொரு தடவ உழறேன்ப்பா" என்றான் பிரபு.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை பார்த்தவன். கிலோவுக்கு எத்தனை கூடு நிற்கிறது என்று எண்ணித்தான் பட்டுக்கூட்டின் தரத்தைச் சொல்வோம். ஓய்வு பெற்ற பிறகும் கண் அந்த வேலையை விடவில்லை. பேருந்தில் ஏறினால் கம்பி, கல்யாணத்துக்குப் போனால் வாழைத்தார். என் மனைவி சரோஜா இதை வியாதி என்பாள். இந்தப் பயணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சொல்வதில்லை.

நாங்கள் போனது புரட்டாசி. சம்பந்தி பெருமாளுக்காகக் கவிச்சி தொடாதவர். பிரபு இருந்த ஊரோ, ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில், கடைக்குக் கடை இறைச்சியைக் குழாய் குழாயாகத் தொங்கவிட்டிருக்கிற ஊர். ரயில் நிலையத்துக் கண்ணாடிப் பெட்டியில் அப்படிப் பதினான்கு வகை இருந்தன. ரொட்டியில் மட்டும் பதினேழு வகை. எல்லாமே கட்டாந்தரை போல இருந்தன. என் கீழ்வரிசைப் பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பார்த்ததும் அதை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நல்லவேளையாக சம்பந்தியம்மா நான்கு கிலோ ராகி மாவு கொடுத்தனுப்பியிருந்தார். பிரபுவின் சமையலறையில் சம்பந்தி களி கிண்டினார். துடுப்புக் கட்டை இல்லாததால் பிரபு ஒரு மரக்கரண்டியைக் கொடுத்தான். அது இரண்டாம் சுற்றில் முறிந்தது. பிறகு மாவு உருட்டும் கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கிண்டி முடித்தார். கீரைக்குப் பதில் அந்த ஊர்ப் பசலை. உப்பும் மிளகாயும் நம்முடையவை. பென்னாகரம் சந்தை நாளில் சாப்பிடும் களிக்கு முக்கால் பங்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

பூ விஷயம் மறுநாள் ஆரம்பித்தது.

பிரபு குடியிருந்தது மாடி. கீழ்வீட்டில் ஹெல்கா என்று ஒரு அம்மாள், என் வயது இருக்கும். வீட்டின் பின்புறம் அவர் தோட்டம். அக்டோபர் மாதத்தில் அங்கே மரமெல்லாம் மஞ்சளாகி இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. செடிகள் ஒடுங்கிப் போயிருந்தன. அந்த உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, தரையைப் பிளந்துகொண்டு, நீலமும் ஊதாவும் கலந்த கிண்ணங்கள் போலப் பூக்கள் நின்றன. செடி என்று ஒன்றுமே இல்லை. வெள்ளையான ஒரு குழல் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது, உச்சியில் பூ. காலையில் மூடியிருந்தது. வெயில் ஏற ஏற விரிந்தது. ஒரு மேகம் வந்ததும் மறுபடி குவிந்துகொண்டது.

முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் குனிந்து எண்ணினேன். இதழ் ஆறு. உள்ளே மகரந்தம் சுமக்கிற மஞ்சள் காம்பு மூன்று. நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் நார் நாராகப் பிரிந்த ஒரு தண்டு. அடுத்த பூவிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று.

கதவு திறந்தது. ஹெல்கா அம்மாள் இடுப்பில் கைவைத்து ஏதோ கேட்டார். சனிக்கிழமையானதால் பிரபு வீட்டில் இருந்தான். ஓடி வந்து மொழிபெயர்த்தான்.

"எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்கிறார், மாமா."

"எண்ணுகிறேன் என்று சொல்."

பிரபு சொன்னான். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதைப் பிரபு வழியாகக் கேட்டேன்: "இந்தப் பூவின் பெயர் குரோக்கஸ். வசந்தத்தில் பூக்கிற குரோக்கஸை எல்லோரும் பார்க்கிறார்கள். குளிருக்கு முன்னால், எல்லாம் முடிந்துபோன நேரத்தில் வந்து பூக்கிற இதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எண்ணியவர் நீங்கள் ஒருவர்தான்."

தேநீருக்கு அழைத்தார். பிறகு சன்னலோரத்திலிருந்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்தார். அதிலும் அதே மாதிரி ஊதாப் பூக்கள், ஆனால் ஊசி போன்ற இலைகளோடு. ஒவ்வொரு பூவிலும் மஞ்சள் காம்பு மூன்று. நடுவிலிருந்து மூன்று இழைகள் நாக்கு நீட்டியதுபோல வெளியே தொங்கின. இரத்தச் சிவப்பு. குரோக்கஸிலேயே ஒரு வகை. குங்குமப்பூ.

சம்பந்தி தேநீரைக் கீழே வைத்தார்.

"இதுதானுங்களா குங்குமப்பூ? நம்ம ஊருல கண்ணாடி டப்பால சிட்டிக போட்டு விப்பானே, அதா?"

"அதேதான்."

"அப்ப நம்ம கலைக்கு?"

கலையரசிக்கு ஒன்பதாம் மாதம். நாங்கள் ஊர் திரும்பிய உடனே பென்னாகரத்தில் அவர் வீட்டில் வளைகாப்பு. பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது சம்பந்தி வீட்டார் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என் பெண் கறுப்பு, நான் அதைவிடக் கறுப்பு. எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று? ஆனால் சம்பந்தி அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. தன் கையால் பேரப்பிள்ளைக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை அது. அதில் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஏரியைப் பார்த்துவரலாம் என்று பிரபு எங்களை ரயிலேற்றிவிட்டான். காலுக்கு ஓய்வு வேண்டும் என்று அவன் வரவில்லை. "மூணாவது ஸ்டேஷன்ல எறங்கிருங்க மாமா, தப்பவே முடியாது" என்றான்.

தப்பினோம். அந்த நாட்டில் ஒரு ரயிலை வழியில் இரண்டாகப் பிரித்து, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை வேறு ஊருக்கும் அனுப்புவார்களாம். ஏறும்போது எட்டுப் பெட்டி எண்ணியிருந்தேன். ஒரு வளைவில் சன்னல் வழியே பார்த்தால் நான்குதான் இருந்தன. மற்ற நான்கும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிக்கு முன்னால் போவதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சம்பந்தி அசையவில்லை. "விடுங்க சம்மந்தி. வண்டி போற எடத்துல எறங்கி, திரும்பி வர்ற வண்டில ஏறிக்கலாம். மாரண்டஹள்ளி பஸ்ஸுக்குப் பதிலா ராயக்கோட்ட பஸ்ஸுல ஏறுனா நீங்க அழுவீங்களா?"

இறங்கிய இடத்தில் நிலையம் என்று ஒரு கொட்டகையும் ஒரு பெஞ்சும் மட்டும். திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் ஈரமான புல்வெளி, ஓடைவரை சரிந்து போயிற்று. அந்தச் சரிவு முழுக்க இளம் ஊதா. யாரும் நட்டதல்ல, தானாக வந்தது. நூறுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். இலை ஒன்றுகூட இல்லாமல், பூக்கள் மட்டும் புல்லுக்குள்ளிருந்து வெறும் உடம்போடு எழுந்து நின்றன. பக்கத்திலேயே கழுத்து மணியோடு பத்துப் பன்னிரண்டு மாடுகள் மேய்ந்தன. ஒரு மாடுகூட அந்தப் பூவில் வாய் வைக்கவில்லை. பூவைச் சுற்றிச் சுற்றிப் புல்லை மட்டும் கடித்தன. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"குங்குமப்பூ காடே கெடக்குது!" என்று சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் பேண்ட்டை முட்டிக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினார். அவர் பறித்துக் கொண்டிருக்கும்போது நான் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் காம்பு ஆறு. இன்னொன்றைப் பார்த்தேன். ஆறு. சிவப்பு இழை இல்லை, வெள்ளையாக மூன்று நூல்தான். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி, மறுபடி எண்ணினேன்.

"சம்மந்தி, அந்தம்மா வீட்ல மூணு இருந்துது. இதுல ஆறு இருக்குதுங்க."

"காட்டுல வெளையறது எப்பவும் கூடத்தானுங்க இருக்கும்" என்றார் சம்பந்தி, சட்டைப்பையை நிரப்பிக்கொண்டே.

வீடு வந்ததும் சும்மா இருந்திருக்கலாம். பெருமையாக ஹெல்கா அம்மாளிடம் காட்டப் போனார். அந்த அம்மாள் ஒரு சத்தம் போட்டார். சட்டைப்பையிலிருந்து பூ முழுவதையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் கொட்டினார். சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்திச் சோப்பைக் கையில் திணித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல சம்பந்தி கை கழுவினார். பிரபு வெளியே போயிருந்தான். என் கைபேசியை நீட்டினேன். அவர் ஜெர்மனில் பேச, அது ஆங்கிலத்தில் சொன்னது.

"இது குரோக்கஸே அல்ல. பார்க்க அப்படி இருக்கும். பூவிலும் விதையிலும் கிழங்கிலும் விஷம். இதன் இலை வசந்தத்தில் வரும். சமைக்கிற ஒரு காட்டுக்கீரையைப் போலவே இருக்கும். தெரியாமல் தின்று செத்தவர்கள் உண்டு. மாற்று மருந்து கிடையாது." பிறகு கைபேசியை விட்டுவிட்டு, மூன்று விரலைக் காட்டிச் சோறு உண்பதுபோல் சைகை செய்தார். ஆறு விரலைக் காட்டித் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

மாடிக்கு வந்ததும் அப்படியே சம்பந்தியிடம் சொன்னேன். அவர் ஈரக்கையைத் துண்டில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"சம்மந்தி, நீங்க படிச்சவங்க, ஆனா காட்டோரம் பொழச்சதில்ல. எங்க ஊருல ஃபாரஸ்ட் கார்டு இதேதான் சொல்லுவான். கெழங்கு எடுக்கப் போனா வெசம்பான், தேனு எடுக்கப் போனா வெசம்பான், சீத்தாப்பழம் பறிச்சாகூட வாந்தி வரும்பான். ஏன்? நாம உள்ளாற போவக்கூடாது. எங்கப்பன் காலத்துல இருந்து கேக்கறேன். இந்தம்மாளும் அப்படித்தான். சும்மா கெடக்கறத வெளியூர்க்காரன் எடுத்தா வயித்தெரிச்சல். வெசம்னா அது வூட்டுல மட்டும் ஏன் தொட்டி வெச்சிருக்குது?"

"அது வேறங்க, இது வேற."

"ஜோடிச்சுப் பேசாதீங்க."

பென்னாகரம் காட்டோரத்தில் பிறந்த ஒருவருக்கு இது நியாயமான சந்தேகம்தான். விஷம் என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் காட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை அவர் ஜெர்மனியிலும் போட்டுவிட்டார். குப்பையில் போன பூ போனதுதானே என்று நானும் அத்தோடு விட்டேன்.

அடுத்த நாட்களில் ஒரு கோட்டை பார்த்தோம், ஒரு வாரச்சந்தை பார்த்தோம். சந்தையில் ஒரு பூசணிக்காய்க்காரர் சம்பந்தியின் மீசையைப் பார்த்து ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "இவர் முன்னால் என் மீசை வெறும் புருவம் என்கிறான்" என்று பிரபு மொழிபெயர்த்தான். சம்பந்தி அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து ஒரு பூசணியும் வாங்கினார். அன்று பூசணிக்காய்க் குழம்பு.

கிளம்புகிற அன்று விடியலில் சம்பந்தி "சும்மா நடந்துட்டு வரேன்" என்று தனியாகப் போனார். திரும்பியபோது செருப்பு நனைந்திருந்தது. பனி என்று நினைத்தேன்.

ஹெல்கா அம்மாள் வாசலில் என் கையில் ஒரு காகித மடிப்பைக் கொடுத்தார். தொட்டியில் பூத்த மூன்று பூக்களின் சிவப்பு இழைகள், உலர்த்தியவை. மூன்று மூன்றாக ஒன்பது. "எண்ணுகிறவருக்கு" என்று பிரபுவிடம் சொல்லிச் சிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் மாப்பிள்ளை காரோடு நின்றார். ஓசூர், ராயக்கோட்டை வழியாக மாரண்டஹள்ளியில் முதலில் என் வீடு. தக்காளி லாரிகள் இரண்டு வரிசையாக நின்றதில் ஊருக்குள் நுழையவே நேரமாயிற்று. சரோஜா காபி கொடுத்தாள். சம்பந்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்து ஒரு வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"பாத்தீங்களா சம்மந்தியம்மா. எம்பேரனுக்கு நானே காட்டுல பறிச்சது. வளகாப்புல பால்ல போட்டு எங்கையாலயே குடுப்பேன்."

எட்டிப் பார்த்தேன். பூவிலிருந்து கிள்ளியெடுத்த காம்புகள், வெளிறிய மஞ்சள் துரும்பாக, டப்பா நிறைய. ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. நனைந்த செருப்பு நினைவுக்கு வந்தது. பிரபுவின் ஊரைச் சுற்றியும் அதே மாதிரி ஈரப் புல்வெளிகள் இருந்தன.

"சம்மந்தி, அது வேணாங்க. அந்தம்மா சொன்னது நெசம். வெசங்க அது."

காபி டம்ளர் ஸ்டூலில் 'ணங்' என்று உட்கார்ந்தது. "எம்மருமவளுக்கு நானே வெசம் வெப்பேன்னு சொல்றீங்களா? எம்மவன் முன்னாடி?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சம்பந்தி எழுந்து காரில் ஏறிவிட்டார்.

"விசேஷத்துக்கு நடுவுல ஒரு நாளுதான் இருக்குது, இப்பப் போயி இப்படிப் பேசிட்டீங்களே" என்றாள் சரோஜா.

"அதைக் குடித்தால் விசேஷமே இருக்காது" என்றேன். அவள் முகம் மாறியது.

கலையரசிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா அந்த டப்பாவ பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்கப்பா. விசேஷத்தன்னிக்குத்தான் எடுப்பாங்களாம். ஆனா அத்தன பேரு முன்னாடி அவரே டம்ளர நீட்டுனா நான் எப்படிப்பா வேணாங்கறது? ஊரே பேசும்."

"நான் உன் எதிரே உட்கார்ந்திருப்பேன். மூணு விரல் காட்டினால் குடி. காட்டாவிட்டால் டம்ளர் கை தவறிக் கீழே விழட்டும். பால் கொட்டினால் கொட்டட்டும்."

"சினிமா மாதிரி இருக்குதுப்பா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நெசமாவே வெசமா?"

"நானே எண்ணினேன், கலை."

"அப்ப செரி" என்றாள். என் எண்ணிக்கையில் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாலக்கோடு, அங்கிருந்து தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம். ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. "பெருசு, எண்ணெய்க் குளியலா?" என்று ஒரு பையன் இடித்துக்கொண்டே கேட்டான். பூவை நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்திக்குத் தெரியாத செடியைச் சொல்லி அவரைத் திருத்த முடியாது. அவருக்குத் தெரிந்த செடி ஒன்று வேண்டும். பென்னாகரம் தாண்டி இறங்கி அவர் நிலத்துக்கு நடக்கும்போது அது வேலியில் ஏறிப் பூத்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாக, தீ எரிவதுபோல். செங்காந்தள், எங்கள் பக்கத்துப் பேச்சில் கண்வலிப்பூ.

சம்பந்தி பட்டியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொன்னார். உட்காருங்க என்று சொல்லவில்லை.

"சண்டைக்கு வரலீங்க. ஒரு பூவ எண்ணிச் சொல்லணும். கண்ணு தெரியல."

வேலியோரம் அழைத்துப் போனேன். கண்வலிப்பூவைக் காட்டினேன்.

"இத எதுக்குங்க எண்ணணும்? போன ஐப்பசில மழ மண்ண அரிச்சுக் கெழங்கு வெளிய வந்து, ரெண்டு வெள்ளாடு கடிச்சு, பொழுதுக்குள்ள போயிடுச்சு. இதத் தொட்டா நானே கைய கழுவிட்டுத்தான் சோறு திம்பேன்."

"உள்ள மஞ்சளா நீட்டிகிட்டு இருக்குதே, அது எத்தனைங்க?"

விரலால் தொடாமல், குச்சியால் தள்ளி எண்ணினார். "ஆறு."

கைபேசியில் புல்வெளிப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எண்ணினார். உதடு அசைந்தது. அடுத்து ஹெல்கா அம்மாளின் தொட்டி. அதையும் எண்ணினார்.

"ஆறு இருக்கறதெல்லாம் வெசம்னு சொல்லலீங்க. நெல்லுப் பூவுலயும் ஆறுதான். ஆனா குங்குமப்பூன்னா மூணுதான். அந்தப் புல்வெளிப் பூவும் இந்தக் கண்வலியும் ஒரே குடும்பம், உள்ள இருக்கற வெசமும் ஒண்ணு. நேத்து ராத்திரி படிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். அன்னைக்கு அந்த மாடுங்க வாய் வெக்கலீங்களே, பாத்தீங்களா?"

சம்பந்தி ஆட்டுப்பட்டியைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றார். கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "காஞ்சா செவக்கும்னு நெனச்சேங்க. காயக் காய வெளுக்குது. நேத்துத் தொறந்து பாத்தப்பவே சந்தேகம் வந்துருச்சு. அதான் பீரோவப் பூட்டுனேன். ஒங்க சம்மந்தியம்மா எடுத்துப் போட்டுரப் போறான்னுதான்."

உள்ளே போய் டப்பாவோடும் கடப்பாரையோடும் வந்தார். வேலிக்கு வெளியே முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினார். டப்பாவைத் திறக்காமலேயே போட்டு மூடி, ஆடு கிளறாமல் மேலே இலந்தை முள்ளை அடுக்கினார். பிறகு தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஒரு தடவை கழுவி, மறுபடியும் கழுவினார்.

"அந்தம்மா கைய புடிச்சு இழுத்தப்ப அறையலாம்னு இருந்துச்சு" என்றார். "அது மட்டும் இழுக்கலன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் அடுத்த கவலை அவருக்கு வந்தது. "ஊரெல்லாம் சொல்லிட்டனே சம்மந்தி. நாளைக்கு அத்தன பேரும் ஃபாரின் குங்குமப்பூ எங்கம்பாங்களே."

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காகித மடிப்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். வேண்டாம் என்று திருப்பி நீட்டினார்.

"இது ஒங்களுக்கு அந்தம்மா குடுத்தது."

"நாளைக்கு டம்ளரக் குடுக்கப் போறது நீங்கதானே. உள்ள வெச்சுக்கோங்க."

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்தார். வைத்த பிறகு, "உக்காருங்க, சோறு தின்னுட்டுப் போவலாம்" என்றார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். என் ஆடும் பல்லுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

வளைகாப்பு அன்று பந்தல் நிறைய ஆட்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஏழு வகைச் சாதம் கொண்டுபோயிருந்தோம். கலையரசிக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். எண்ண முயன்றேன், பெண்கள் அடுக்கிக்கொண்டே போனதில் இரண்டு முறை தவறிவிட்டது. கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவள் எதிரே, சொன்ன இடத்தில், உட்கார்ந்துகொண்டேன். முந்தின நாள் நான் போனபோது அவள் மாமியாரோடு தருமபுரி மருத்துவமனைக்குப் போயிருந்தாள், இரவு போன் செய்தும் எடுக்கவில்லை. வேலியோரம் நடந்ததை அவளிடம் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அவளைச் சுற்றி எப்போதும் நான்கு பெண்கள் நின்றார்கள்.

சம்பந்தி வெள்ளி டம்ளரில் பாலோடு வந்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடிப்பைப் பிரித்து, இழைகளை ஒவ்வொன்றாகப் பாலில் விட்டார்.

"இவ்ளோதானாய்யா?" என்றாள் ஒரு கிழவி. "ஜெர்மனி வரைக்கும் போயி, எண்ணி ஒம்பது நூலா கொண்டாந்த?"

"ஒனக்கு என்னா தெரியும் அத்தை?" சம்பந்தியின் குரல் பந்தல் கடைசிவரை போயிற்று. "காட்டுல அது ஏக்கரு ஏக்கரா கெடக்குது. வாரிகிட்டு வந்துற முடியுமா? உள்ள மஞ்சக் காம்ப எண்ணணும். மூணு இருந்து, நடுவுல செவப்பு நூலு தொங்குனா குங்குமப்பூ. ஆறு இருந்தா நம்மூரு கண்வலியோட பங்காளி, கிட்ட போவக் கூடாது. எண்ணத் தெரிஞ்சவன்தான் எடுக்கணும்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பரவாயில்லை, பாடம் சரியாக இருந்தது.

டம்ளரை நீட்டினார். கலையரசி இரண்டு கையாலும் வாங்கினாள். வளையல்கள் குலுங்கின. பால் ஓரத்தில் லேசாக மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. என்னைப் பார்த்தாள்.

மடியிலிருந்து கையை எடுத்து, மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் குடித்தாள்.